அப்பா இருக்கும்போதே மீசை எடுத்தவன்

வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு என் மீசையின் இடது பாதி வாஷ்பேசினில் கிடந்தது.

குழாய் திறந்திருந்தது. சோப்பு நுரையோடு சேர்ந்து அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஓட்டைமேல் இருந்த சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் சவரக்கத்தி. மேலுதட்டில் ரத்தம். சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் என் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

என் அசட்டுத்தனங்களை வாரா வாரம் பொறுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வரி: குடியிருப்பது பெரம்பலூர், வேலை அரியலூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், கணக்கு வாத்தியார். தினமும் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் போய், முகத்தில் ஒரு பூச்சுத் தூசியோடு திரும்பி வருகிறவன். இந்தக் கதை நடந்தபோது வயது ஐம்பத்திரண்டு. புத்தி வர வேண்டிய வயது தாண்டிவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செல்வம் கடையில் நடந்தது

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கோபம்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் செல்வத்தின் சலூனில்தான் பதினெட்டு வருஷமாக எனக்குச் சவரம். ஞாயிறு ஒரு தடவை, புதன் ஒரு தடவை. செவ்வாய், வெள்ளியில் எங்கள் வீட்டில் யாரும் முகத்தில் கத்தி வைப்பதில்லை.

செல்வம் நல்ல தொழில்காரர். ஒரே குறை செல்போன். அன்றைக்கு என் முகம் முழுக்க நுரையைப் பூசிவிட்டு, "ஒரு நிமிசம் சார்" என்று வாசலுக்குப் போனார். ஊரில் அவருடைய போர்வெல் மோட்டார் எரிந்துபோயிருந்தது. அது ஏன் எரிந்தது, சுவிட்சைப் போட்டது யார், அந்த ஆள் அதைத் தொட்டிருக்கலாமா கூடாதா என்பதெல்லாம் இருபது நிமிஷத்தில் எனக்கும் தெரிந்துவிட்டது. நுரை காய்ந்து கன்னம் இழுத்தது.

"என்ன செல்வம், நுரையோடயே வூட்டுக்குப் போவட்டுமா?" என்றேன்.

"அட, இருங்க சார். இந்த மொகத்துக்கு என்ன அவசரம்? பொண்ணு பாக்கவா போறீங்க?"

காத்திருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். அவன்தான் கூடுதலாகச் சிரித்தான். அவனை முப்பத்தைந்து மார்க் தாண்ட வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். "இனிமே இந்தப் படி ஏறுனா என்னன்னு கேளு" என்று செல்வத்திடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இரண்டு காதிலும் நுரை அப்படியே இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி மல்லிகா சொன்னாள். கடைத்தெரு முழுக்க அந்தக் கோலத்தில் விறைப்பாக நடந்து வந்திருக்கிறேன்.

முப்பது டிகிரி

சாதாரண ஆள் என்றால் ஒரு ரேசர் வாங்கியிருப்பான். நான் அன்று மத்தியானமே இணையத்தில் தேட ஆரம்பித்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் மரத்தால் ஆன குளியலறையில் நின்றுகொண்டு, மடக்குக் கத்தியை விரித்து, கன்னத்தில் வெண்ணெய் வழிப்பதுபோல வழித்துக்கொண்டிருந்தார். சலக் சலக் என்று அந்தச் சத்தம். மூன்று முறை பார்த்தேன். நானும் இப்படி நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. எங்கள் குளியலறையில் நின்றால் ஒரு கை கதவில் இடிக்கும், இன்னொரு கை வாளியில் இடிக்கும். அதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை.

சலூனில் பாதி பிளேடைச் சொருகிச் செய்வார்களே, அந்தக் கத்தி இல்லை இது. முழுக்க ஒரே எஃகு. பிளேடு மாற்றுகிற பேச்சே கிடையாது. ஒவ்வொரு தடவையும் தோல் பட்டையில் முன்னும் பின்னும் இழுத்துக் கூர் ஏற்றிக்கொள்ள வேண்டும். முகத்தில் வைக்கும்போது முப்பது டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது டிகிரியா? இருபத்தாறு வருஷமாகக் கரும்பலகையில் நான் வரைந்துகொண்டிருக்கும் கோணம் அது. ஊரில் எவனுக்கு வராவிட்டாலும் எனக்கு வரும் என்று நினைத்தேன்.

கத்தி கூரியரில் வந்தது. தோல் பட்டையைத் தனியாக வாங்கச் சொல்லியிருந்தார்கள். இடுப்பில் பெல்ட் இருக்கும்போது அது எதற்கு என்று பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்தேன். கத்தியின் முதுகு முன்னால் போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். நான் கூரை முன்னால் விட்டேன். பெல்ட்டில் பிறை நிலா மாதிரி நாலு வெட்டு. பரவாயில்லை என்று அதையே கட்டிக்கொண்டு திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். கொடி வணக்கத்துக்கு விறைப்பாக நிமிர்ந்தபோது அது பட்டென்று அறுந்தது. வலது கையால் கொடிக்கு வணக்கம், இடது கையால் பேண்ட்டுக்குப் பாதுகாப்பு. நானூறு பிள்ளைகளும் அன்றைக்குத்தான் என்னை இமைக்காமல் பார்த்தார்கள்.

கூர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கை முடியை வழித்துப் பார்ப்பது வழக்கமாம். நானும் பார்த்தேன். தினமும் பார்த்தேன். இடது முன்கையில் அங்கங்கே வழுக்கை விழுந்தது. "சார், அதுக்குப் படர்தாமரைக் களிம்பு இருக்கு, எங்க மாமா மெடிக்கல் வச்சிருக்காரு" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அக்கறையாகச் சொன்னது.

பலூனுக்குச் சவரம்

முகத்தில் வைப்பதற்கு முன்னால் பலூனில் பழக வேண்டும் என்பது பாடம். ஊதின பலூனில் சோப்பு நுரையைப் பூசி, பலூன் உடையாமல் நுரையை மட்டும் வழிக்க வேண்டும்.

"யாருக்கு இப்பப் பொறந்த நாளு?" என்றாள் மல்லிகா, பாக்கெட்டைப் பார்த்துவிட்டு. சொன்னேன். திருமழபாடியில் அவள் வளர்ந்த வீட்டில் ஐந்து ஆண்கள். ஒருவன்கூட இப்படி இல்லையாம்.

முதல் மூன்று பலூன்களும் முகத்துக்கு நேரே வெடித்தன. நுரை சுவரிலும் என் கண்ணிலும். நாலாவது உடையவில்லை. அதைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்குப் போய்க் காட்டினேன். என் மகள் இளமதி திருச்சியில் வேலை பார்க்கிறவள், அன்று ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். பலூனைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குப்பா. ஆனா இதுக்கு மூக்கும் இல்ல, ஒதடும் இல்ல, மீசையும் இல்லயே" என்றாள். கெட்டிக்காரப் பெண். அவள் சொல்வதை அன்றைக்கே காதில் வாங்கியிருக்கலாம்.

ஒன்றரை மாதம் கன்னத்தில் மட்டும் பழகினேன். வெட்டுப் பட்டால் மல்லிகா காப்பித்தூளை அப்புவாள், ரத்தம் நின்றுவிடும். இரண்டு கன்னத்திலும் காப்பி வாசனையோடு பஸ் ஏறினேன். பிறகு தாடை. பிறகு கழுத்து. உண்மையைச் சொல்ல வேண்டும், நாற்பதாவது நாள் வாக்கில் ஒரு முறை அந்தச் சலக் சலக் சத்தம் எனக்கும் கேட்டது. அன்று முழுக்கக் கன்னத்தைத் தடவிக்கொண்டே பாடம் நடத்தினேன். அந்தச் சத்தம் கேட்டபோது நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்தத் திமிரில்தான் நிச்சயத்துக்கு முந்தின நாள் மீசையின் ஓரத்தை நானே ஒதுக்கிக்கொள்ள முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை கத்தி வைக்க முடியாது, அதனால் வியாழன்.

வலது பக்கம் அழகாக வந்தது. இடது பக்கத்துக்கு இடது கையில் கத்தியைப் பிடிக்க வேண்டும் என்பது அந்த வெள்ளைக்காரரின் கட்டளை. என் இடது கை பிறந்ததிலிருந்து ஒரு எழுத்து எழுதியது கிடையாது. அந்தக் கையில் கத்தியைக் கொடுத்து, கண்ணாடியைப் பார்த்து, முப்பது டிகிரி என்று மனசுக்குள் சொல்லி, ஒரு இழுப்பு இழுத்தேன்.

எடுன்னு நீங்க சொல்லுங்க

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் காலத்துப் பையன்கள் மீசை வைக்கிறார்கள், எடுக்கிறார்கள், தாடிக்கு எண்ணெய் போடுகிறார்கள். யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதுக்காரன் மீசையை எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் பெரிய சாவு. எங்கள் வகையறாவில் அம்மா போனால் கடைசிப் பிள்ளை மீசை எடுக்க வேண்டும், அப்பா போனால் மூத்த பிள்ளை. அம்மா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது மீசை எடுத்தது சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி. நான் மூத்தவன். என் மீசை போவதற்கு மிச்சம் இருந்த ஒரே ஆள் அப்பா.

அப்படி ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது.

மல்லிகா வந்து பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முதலில் காப்பித்தூள் எடுத்து வந்து அப்பினாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். "ஏழு எடத்த வேணாம்னு சொன்னவ, இந்த மாப்பிளய மட்டுந்தான் சரின்னு சொன்னா. அது ஒங்களுக்குத் தெரியுமில்ல?" என்றாள். தெரியும். அதனால்தான் காலில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் செல்வம் கடைக்கு ஓடினேன், வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு.

செல்வம் என்னைப் பார்த்தார். துண்டை விலக்கிப் பார்த்தார். பேசிக்கொண்டிருந்த போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். பதினெட்டு வருஷத்தில் அதை நான் பார்த்தது அன்றுதான்.

"இத ஒட்ட வைக்க முடியாது சார். வலது பக்கத்தயும் எடுத்துத்தான் ஆவணும்."

"எடுங்க."

கத்தியைக் கையில் எடுத்தவர் அதை என் முகத்தில் வைக்கவே இல்லை. "அப்பா நல்லாருக்காருல்ல?" என்றார்.

"நல்லாருக்காரு. நாளைக்கு வராரு."

"அப்பா இருக்கிற மனுசனுக்கு இந்த வயசுல நான் மீசை எடுத்ததில்ல சார். காரியத்தன்னிக்கி ஆத்தங்கரையில எடுத்துருக்கேன், எத்தனையோ பேருக்கு. அதுக்குன்னு எடுக்கிற கை இது. எடுன்னு நீங்க வாயால சொல்லுங்க. பழி எம்மேல இல்லாம போவட்டும்."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. "எடு செல்வம்" என்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போதே இரண்டு பேர் நிறுத்தித் துக்கம் கேட்டார்கள். வெங்காய மண்டிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பங்க? ஒரு வார்த்த சொல்லலயே" என்றார். இல்லை, அப்பா வாலிகண்டபுரத்தில் மக்காச்சோளத்துக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருக்கிறார் என்றேன். பாவம், அதிர்ச்சியில் பேசுகிறார் என்று நினைத்திருப்பார். இன்னும் கொஞ்ச நேரம் கையை விடாமல் பிடித்திருந்தார்.

சளி

பதினேழு வயதிலிருந்து இருக்கும் மீசை. மல்லிகா என் மேலுதட்டைப் பார்த்ததே இல்லை. "இவ்ள நீளமா இருக்குமா ஒங்க ஒதடு?" என்றாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழித்து வந்த புகார்.

இளமதியின் புருவப் பென்சிலால் வரைந்து பார்த்தோம். கூத்தில் வரும் ராஜா மாதிரி இருந்தேன். ராஜாவுக்குக்கூட இல்லை, கோமாளியாக வரும் கட்டியங்காரனுக்கு வரைவதுபோல இருந்தது. கழுவினோம். கடைசியில் முகக்கவசம் என்று முடிவாயிற்று. கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சியது ஒரு டப்பா இருந்தது. கேட்டால் சளி என்று சொல்லிவிட வேண்டியது. இளமதி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உண்மையச் சொல்லிடலாம்ப்பா" என்றாள். பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன்.

அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொல்ல வழியும் இல்லை. சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அவர் போனை அணைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பெட்டியில் வைத்திருப்பார். அவருக்குப் பேச வேண்டும் என்றால் எடுப்பார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. எட்டு மணி பஸ் வந்தது. அப்பா வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். உடையார்பாளையத்திலிருந்து ஒரு வேன், இருபது பேர். மாப்பிள்ளை அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர். அவருடைய அப்பா முந்திரிக்காட்டுக்காரர், அதிர்ந்து பேசாதவர். பேச வேண்டியதையெல்லாம் பேசுகிறவர் அவருடைய அக்கா. மாப்பிள்ளைக்கு அத்தை. பூ, பழம், புடவைத் தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன சம்பந்தி, நல்ல காரியத்துல வாயக் கட்டிக்கிட்டு?"

"சளிங்க. உங்களுக்கெல்லாம் ஒட்டிக்கக் கூடாதுன்னு."

"கல்யாணம்னாலே ஒட்டிக்கிறதுதான" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் உள்ளே சிரித்தேன், யாருக்கும் தெரிந்திருக்காது.

காப்பி வந்தது. எல்லோரும் குடித்தார்கள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். "குடிங்க, ஆறிப் போவுது. சம்பந்தி வூட்டுல ஒன்னா ஒரு வாய் குடிக்கலன்னா எப்புடி?" என்றார் அத்தை. இதற்கு மேல் மறுத்தால் அவமரியாதை. ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றி, டம்ளரை வைத்து மறைத்துக்கொண்டு குடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒன்றைக் கழற்றியதும் மறு காதில் மாட்டியிருந்த ரப்பரும் பட்டென்று விடுபட்டது. முகக்கவசம் காப்பிக்குள் விழுந்தது.

பெரியவர் எங்கே?

அத்தை என் உதட்டைப் பார்த்தார். பிறகு தலையைப் பார்த்தார்.

"மொட்ட போடலயே" என்று பக்கத்திலிருந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்.

"இப்பல்லாம் உத்தியோகத்துல இருக்கறவங்க மீசையோட நிறுத்திக்கிறாங்க" என்றார் அத்தை, கண்ணை எடுக்காமல். பிறகு என்னிடம், "பெரியவரு எங்கங்க?"

"வந்துக்கிட்டு இருக்காருங்க."

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே இருமிக்கிட்டு இருந்தாரே."

"அது வெறும் இருமல்ங்க."

"போன் போடுங்க, பேசறேன்."

போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் ஸ்விட்ச் ஆஃப் செய்துள்ளார் என்று அந்தப் பெண் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது. வேனில் வந்த இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "சம்பந்தி, துக்கம்னா சொல்லிடுங்க. ஒரு வருசம் தள்ளி வச்சிக்கலாம், அதுல ஒன்னுமில்ல. மறைச்சி நடத்துறதுதான் தப்பு. புள்ளைங்க வாழ்க்கையாச்சே."

அவர் அப்படிப் பரிவாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. கோபப்பட்டால் சமாதானம் செய்யலாம். அவர் நம்பிவிட்டார்.

உண்மையைச் சொன்னேன். செல்வம், நுரை, வெள்ளைக்காரர், பெல்ட், பலூன், இடது கை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படி இல்லை. பெண்ணுக்கு நிச்சயத்தை வைத்துக்கொண்டு முந்தின நாள் ஒரு கணக்கு வாத்தியார் கத்தி எடுத்துத் தன் மீசையைத் தானே வெட்டிக்கொண்டான் என்றால் யார் நம்புவார்கள்?

"இருங்க, காட்டறேன்" என்று உள்ளே ஓடிப்போய்க் கத்தியை எடுத்து வந்து, நடுக்கூடத்தில் நின்று, எல்லோருக்கும் தெரியும்படி விரித்தேன்.

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இரண்டு பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டார்கள். "ஐயோ, அத உள்ள கொண்டுபோங்க" என்று மல்லிகா கத்தினாள். மஞ்சள் குங்குமத் தட்டுக்கு முன்னால் நாலங்குலக் கத்தியோடு நான் நிற்கிறேன் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

சாட்சிக்குச் செல்வத்தைக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடி கூப்பிட்டேன். பிஸி. மோட்டார் மறுபடியும் எரிந்திருக்க வேண்டும்.

மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு ராகு காலம். அப்பாவைத் தேடிப் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குப் போன என் மச்சினன் தனியாகத் திரும்பி வந்தான். அத்தை தட்டுகளை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றைத் திரும்ப எடுக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

இளமதி அறை வாசலுக்கு வந்து நின்றாள். தலையில் பாதி வரைதான் பூ வைத்திருந்தார்கள். "அப்பா, தாத்தா எங்கப்பா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. அத்தனை பேர் முன்னால் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. என் ஒரு அற்பக் கோபத்துக்காக அவள் வாழ்க்கையைப் பணயம் வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "அத்தே, பத்தே கால் வரைக்கும் பாப்போம். அவரு பொய் சொல்றாப்ல தெரியல. பொய்யின்னா இத விட நல்லதா சொல்லியிருப்பாரு."

பத்து மணி தாண்டி ஐந்து நிமிஷம் இருக்கும். வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. அப்பா இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு கையில் சின்ன வெங்காயப் பை, இன்னொரு கையில் இலையில் மடித்த விபூதி. பேத்தி பேருக்கு அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போனவர், குருக்கள் தாமதமாக வந்ததால் பஸ்ஸை விட்டிருக்கிறார்.

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நின்றார். பை தரையில் இறங்கியது.

"யாருடா?" என்றார். "யாரு போயிட்டா?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். யோசித்து முடித்திருக்க வேண்டும். "நான் இந்தா நிக்கிறேனேடா" என்றார்.

அத்தைதான் முதலில் சிரித்தார். சிரிக்க ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க பெரியவரே. ஒங்களுக்காவத்தான் நல்ல நேரம் போயிக்கிட்டு இருந்துச்சு" என்று நாற்காலியைக் காட்டினார். பத்து பன்னிரண்டுக்கு இளமதியின் தலையில் பூ வைத்தார். அப்பா விபூதி பூசினார். மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பும்வரை அந்தக் கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான்.

பஸ் ஸ்டாண்ட்

சாயங்காலம் அப்பாவைப் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். வாலிகண்டபுரம் போகும் பஸ் இன்னும் வரவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்த ஹெல்மெட்டக் கழட்டு" என்றார். கழற்றினேன்.

"இப்புடி வெளிச்சத்துக்குத் திரும்பு."

திரும்பினேன். தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். வெட்டுப்பட்ட இடத்தில் கட்டைவிரலை வைத்தார்.

"எங்கப்பாரு போனப்ப நான் கண்ணாடியே பாக்கல" என்றார். "நான் போனா நீ எப்புடி இருப்பேன்னு சில நாளு படுத்துக்கிட்டு நெனச்சிப் பாத்துருக்கேன். தெரியாது. எந்த அப்பனுக்கும் அது தெரியாது."

"விடுங்கப்பா, நல்ல நாளும் அதுவுமா."

"நீ வாத்தியாரு, நாலு பேருக்குச் சொல்றவன், பொண்ணக் கட்டிக்குடுக்கப் போற ஆளு. தாங்கிக்குவன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்." கட்டைவிரலை எடுத்தார். "இத எடுத்துட்டா எட்டாவது படிச்சப்ப இருந்தாப்லயே இருக்கியேடா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் முறுக்கு விற்கிற பெண் பார்த்தாள். மீசை இல்லாத ஒருவன் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதால் அவள் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். துடைக்கவில்லை.

வாலிகண்டபுரம் வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. "பெரியவரே, ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

"அடுத்ததுல வரேன்" என்றார் அப்பா.

அம்மா போனதிலிருந்து அவர் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. அதிலும் ஏறவில்லை. நானும் ஏறச் சொல்லவில்லை.